ஆறு விலகிப்போன படகுத்துறை: ஜென்ஜியாங்கின் ஷீஜின்டு பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

ஷாங்காயிலிருந்து நான்ஜிங்குக்கு ரயிலில் போகிறவர்களில் பெரும்பாலோர் ஜென்ஜியாங்கை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. வண்டி ஓரிரு நிமிடம் நின்று கிளம்பிவிடும். யாங்சி ஆற்றின் தென்கரையில் உள்ள அந்த நகரத்தில் ஷீஜின்டு என்ற பழைய படகுத்துறையும், படகுக்குக் காத்திருக்கக் கட்டிய ஒரு சின்ன மண்டபமும் இருக்கின்றன. சீனாவில் ஆற்றங்கரை என்றாலே வூஹானின் மஞ்சள் கொக்குக் கோபுரம், நான்சாங்கின் தெங்வாங் மாடம் என்று உயரமான கட்டடங்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தக் குட்டி மண்டபம்தான் பிடித்தது. போகலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஷீஜின்டு என்றால் சரியாக என்ன? கோயிலா, தெருவா, துறைமுகமா?

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். யுன்தாய் என்ற சிறு குன்றின் அடிவாரத்தை ஒட்டி ஏறி இறங்கும் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் கல் தெரு அது. ஒரு காலத்தில் தெருவின் ஓரத்திலேயே யாங்சி ஓடியது. தெற்கிலிருந்து வருபவர்கள் இங்கே படகேறி, எதிர்க்கரையில் உள்ள குவாஜோ என்ற ஊரில் இறங்குவார்கள். பெய்ஜிங்குக்கும் ஹாங்ஜோவுக்கும் இடையே ஓடும் பெருங்கால்வாய் யாங்சியைக் குறுக்கே கடக்கும் இடமும் இதுவே. அதனால் வடக்கே போகும் அதிகாரி, தேர்வெழுதப் போகும் மாணவன், உப்பு வியாபாரி, துறவி, சிப்பாய் என எல்லோரும் இந்தத் தெருவை மிதித்துத்தான் ஆக வேண்டும்.

தாங் அரசமரபின் காலத்தில் (7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) இதன் பெயர் ஜின்லிங் துறை. அந்தக் காலக் கவிஞர் ஜாங் ஹு இங்கே குன்றின் மேலிருந்த ஒரு விடுதியில் இரவு தங்கி, தூக்கம் வராமல் எதிர்க்கரை விளக்குகளைப் பார்த்து எழுதிய நான்கு வரிக் கவிதை சீனாவில் மிகவும் பிரபலம். இங்கே வரும் சீனப் பயணிகள் பலர் அதை வாய்க்குள் முணுமுணுப்பதைக் கேட்கலாம்.

படகுத்துறை என்கிறீர்கள், போனால் ஆற்றையே காணோம் என்று திட்டுகிறார்களே?

திட்டுவது நியாயம்தான். முன்கூட்டியே தெரியாமல் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இப்போது ஆற்றங்கரை இந்தத் துறையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போய்விட்டது. நடுவில் சாலை, பூங்கா, கட்டடங்கள். யாங்சியின் முதன்மை ஓட்டம் இன்னும் வடக்கே, மணல் திட்டுக்கு அப்பால் போகிறது.

இந்த இடத்தின் கதையே அந்த விலகல்தான். பழைய குறிப்புகளின்படி தாங் காலத்தில் ஜென்ஜியாங்கில் ஆற்றின் அகலம் 40 லி, சோங் காலத்தில் (10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை) 18 லி, சிங் காலத்தில் (17ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை) ஏழெட்டு லி. ஒரு லி என்பது ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். அதாவது ஜாங் ஹு பார்த்தது ஆறு அல்ல, கிட்டத்தட்டக் கடல். கடல் அலை ஏறி இறங்குவது அன்று இங்கே வரை தெரிந்தது. அதன்பின் வண்டல் படிந்து படிந்து தென்கரை வளர்ந்தது. ஆற்றின் நடுவே தீவாக நின்ற ஜின்ஷான் குன்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகக் கரையோடு ஒட்டிக்கொண்டது. படகில் போய்க் கும்பிட்ட கோயிலுக்கு மக்கள் கழுதை மேல் போக ஆரம்பித்தார்கள்.

தென்கரையில் மண்ணைக் கொட்டிய அதே ஆறு, வடகரையைத் தின்றது. எதிரே இருந்த பழைய குவாஜோ நகரம் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து, 1895இல் முழுவதுமாக யாங்சிக்குள் போய்விட்டது. ஒரு துறைக்கு ஆறு இல்லாமல் போனது, இன்னொரு துறைக்கு ஊரே இல்லாமல் போனது. இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த உலர்ந்த படிக்கட்டைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

காத்திருப்பு மண்டபத்தில் அப்படி என்ன இருக்கிறது?

உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை. தாய்டு மண்டபம் என்று பெயர். மரத்தூண்கள், வளைந்த ஓட்டுக் கூரை, உட்கார ஓரத்திண்ணை. மழையிலும் எதிர்க்காற்றிலும் படகு எடுக்காதபோது பயணிகள் இங்கேதான் ஒதுங்கி நிற்பார்கள். 1751 முதல் 1784 வரை ஆறு முறை தெற்கே பயணம் வந்த சியான்லுங் பேரரசரை வரவேற்கவும் வழியனுப்பவும் உள்ளூர் அதிகாரிகள் இங்கே காத்து நின்றதாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இருக்கலாம். நாங்கள் போன காலையில் மூன்று தாத்தாக்கள் அங்கே உட்கார்ந்து ஒரு பறவைக்கூண்டைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள், எழுந்திருக்கும் உத்தேசமே இல்லை.

மண்டபத்தின் அருகே தோண்டி எடுத்த பழைய துறையின் கற்படிகளைக் காணலாம். அவை கீழே இறங்கி, தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணில் முடிகின்றன. மண்டபத்தில் உட்கார்ந்து வடக்கே பாருங்கள். முன்பு அலை அடித்த பக்கம் இப்போது கடைகளும் மரங்களும். பலர் இங்கே ஒரு நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு நகர்கிறார்கள். கொஞ்சம் உட்காருங்கள், அது உட்காருவதற்காகவே கட்டியது.

எந்தப் பக்கத்திலிருந்து நடக்க ஆரம்பிப்பது நல்லது?

கிழக்கிலிருந்து, அதாவது ஜென்ஜியாங் அருங்காட்சியகத்தின் பக்கத்திலிருந்து. அங்கே படியேறினால் கல் வளைவு வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் நான்கு எழுத்துகள். அவற்றில் ஒன்று, கருணைப் படகில் சேர்ந்து கடப்போம் என்று பயணிகளுக்குச் சொல்கிறது. ஆற்றைக் கடக்கப் போகிறவனுக்குப் பிறவியைக் கடப்பதையும் ஞாபகப்படுத்துகிறார்கள். பிறவிப் பெருங்கடல் நீந்துவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நடக்கும்போது அடிக்கடி கீழே பாருங்கள். நடுவில் பதித்த கற்பலகைகளில் ஓர் ஆழமான பள்ளம் கோடாக ஓடும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகள் நூற்றாண்டுக் கணக்கில் உருண்டு தேய்த்த தடம் அது. துறையிலிருந்து மூட்டைகளை ஏற்றி ஊருக்குள் தள்ளிக்கொண்டு போனவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தடம் மட்டும் இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

இன்னும் கொஞ்சம் போனால் தரையில் கண்ணாடி பதித்த குழி. தெருவை ஓரிடத்தில் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் பழைய சாலைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலே சிங், அதற்குக் கீழே மிங், யுவான், சோங், அடியில் தாங். ஒவ்வொரு அரசமரபும் முந்தையதை அகற்றாமல் அதன்மேலேயே கல் போட்டதால் தெரு சில மீட்டர் உயர்ந்துவிட்டது. கண்ணாடிக்குள் ஆவி படிந்து சில நாள் ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிய பிறகு மறுபடி வந்து எட்டிப் பாருங்கள்.

தெருவின் குறுக்கே நிற்கும் அந்தக் கல் தூபி என்ன?

ஜாவ்குவான் தூபி. யுவான், அதாவது மங்கோலியர் ஆண்ட காலத்தில் கட்டியது. ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். நான்கு கல்தூண்கள் மேல் ஒரு மேடை, மேடையின் மேல் குடம் போல வயிறு பருத்த திபெத்திய பாணித் தூபி. கீழே ஆட்கள் நடந்து போகலாம். பெய்ஜிங்கில் நேபாளத்துச் சிற்பி அரனிகோ வடிவமைத்த வெள்ளைத் தூபியைப் பார்த்தவர்கள் உடனே இனம் கண்டுகொள்வார்கள், இது அதன் தம்பி.

தூபிக்கு அடியில் ஒரு முறை கடந்தால் புத்தரை ஒரு முறை வணங்கியதாகக் கணக்கு. விளக்கு, ஊதுபத்தி, காணிக்கை ஒன்றும் வேண்டாம். படகுக்கு அவசரமாக ஓடுகிறவனுக்குக்கூட அவன் அறியாமலே புண்ணியம் சேர்ந்துவிடும். அவசரக்காரர்களைப் புரிந்துகொண்ட யாரோ யோசித்த ஏற்பாடு இது. பக்கத்திலேயே கருணைத் தெய்வமான குவான்யினின் குகைக் கோயிலும் உண்டு. நின்று கும்பிட நேரம் இருப்பவர்களுக்கு அது.

உயிர்காப்புச் சங்கம் என்று ஒரு கட்டடம் இருக்கிறதாமே?

இதைத் தவறவிடாதீர்கள். இந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், மண்டபத்தைக்கூட இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

அகலமான ஆறு, திடீர்க் காற்று, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும் படகுக்காரர்கள். இங்கே படகு கவிழ்வது அடிக்கடி நடந்தது. 12ஆம் நூற்றாண்டில், தெற்கு சோங் ஆட்சியின்போது ஜென்ஜியாங்கின் நிர்வாகியாக இருந்த சாய் குவாங் ஐந்து பெரிய படகுகளைக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துப் பொறித்த கொடி கொடுத்து, பயணிகளைப் பாதுகாப்பாகக் கடத்தவும் ஆபத்தில் உதவவும் ஏற்பாடு செய்தார். ஆனால் அரசாங்க ஏற்பாடுகளுக்கு ஆயுள் குறைவு. அதிகாரி மாறினால் படகும் மறைந்துவிடும்.

18ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது, காங்ஷி பேரரசரின் காலத்தில், ஊர்ப் பெரியவர்கள் சிலர் தாங்களே பணம் போட்டு ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதன் வேலை ஒன்றே: ஆற்றில் விழுந்தவர்களைக் காப்பாற்றுவது. சிவப்புச் சாயம் பூசிய படகுகள் தயாராக நிற்கும். காற்று கிளம்பினால் படகுகள் கிளம்ப வேண்டும். பிழைத்தவருக்குச் சோறும் உலர்ந்த உடையும் ஊர் போய்ச் சேரச் செலவும் தருவார்கள். பிழைக்காதவருக்குச் சவப்பெட்டியும் புதைக்க இடமும். பணம் நன்கொடையிலிருந்து வந்தது. பெயர் தெரியாத வழிப்போக்கர்களுக்காக ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதை நடத்தினார்கள். பிரிட்டனின் புகழ்பெற்ற உயிர்காப்புப் படகு நிறுவனம் தோன்றியது 1824இல். இவர்கள் அதற்கு நூறாண்டுக்கும் மேலாக முந்தியவர்கள்.

கட்டடம் எளிமையானது. உள்ளே இருக்கும் விளக்கப் பலகைகள் பெரும்பாலும் சீனத்தில் இருப்பதால், கைப்பேசி மொழிபெயர்ப்பியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கோ போலோ இங்கேதான் இறங்கினார் என்கிறார்களே?

சுற்றுலாக்காரர்கள் சொல்வார்கள். அவருடைய பயணக் குறிப்பில் ஜென்ஜியாங் வருகிறது. 1278 வாக்கில் நெஸ்டோரியக் கிறிஸ்தவரான மார் சர்கிஸ் என்ற நிர்வாகி கட்டிய இரண்டு தேவாலயங்களைச் சொல்கிறார். குவாஜோவுக்கு எதிரே ஆற்றின் நடுவில் துறவிகள் மடம் உள்ள ஒரு தீவையும் சொல்கிறார். அது ஜின்ஷானேதான். அந்தக் காலத்தில் குவாஜோவிலிருந்து ஜென்ஜியாங் வர வேறு வசதியான வழி கிடையாது. ஆனால் இந்தப் படியில் கால் வைத்தார் என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை. படியில் நின்று படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் பெருமைப்படும்படியானது அல்ல.

1842 ஜூலை 21 அன்று, முதல் அபினிப் போரில், பிரிட்டிஷ் படை இந்த நகரத்தைத் தாக்கியது. காரணம் எளிது. பெருங்கால்வாய் யாங்சியைத் தொடும் இடத்தைப் பிடித்தால் பெய்ஜிங்குக்குப் போகும் தானியத்தை நிறுத்திவிடலாம். படையில் கணிசமானோர் மதராஸ் ராணுவத்தின் காலாட்படையினர். மதராஸ் பீரங்கிப் படையும் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரும் கூடவே வந்தனர். மதராஸ் ராணுவம் ஆள் எடுத்த ஊர்கள் எவை என்று நமக்குத் தெரியும். தமிழரும் தெலுங்கரும் யாங்சிக் கரையில் ஏணி வைத்து மதில் ஏறிய நாள் அது. கொடும் வெயில். குண்டடி படாமல் வெப்பத்திலேயே சுருண்டு இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் உண்டு. அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்புக்கு மிகுந்த உயிர்ச்சேதம் தந்த மோதல்களில் இதுவே முன்னால் நிற்கிறது. நகரைக் காத்து நின்ற மஞ்சூரியச் சிப்பாய்கள் சரணடையவில்லை. பலர் குடும்பத்தோடு உயிரை மாய்த்துக்கொண்டார்கள், தளபதி ஹாய்லிங்கும் அப்படியே இறந்தார். அடுத்த மாதம் 29ஆம் தேதி நான்ஜிங் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஹாங்காங் பிரிட்டன் கைக்குப் போனது.

இரண்டாவது தொடர்பு, நீங்கள் நடக்கத் தொடங்கும் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. அந்தச் செங்கல் கட்டடங்கள் பழைய பிரிட்டிஷ் தூதரகம். 1858 ஒப்பந்தத்தால் ஜென்ஜியாங் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டு, 1861இல் பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதி உருவானது. 1889இல் அந்தப் பகுதியின் இந்தியக் காவலர் ஒருவர் சீனச் சிறு வியாபாரியை அடித்ததில் ஊர் திரண்டெழுந்து தூதரகத்தைக் கொளுத்தியது. அடுத்த ஆண்டு மறுபடி கட்டியதுதான் இன்று நிற்பது. வராந்தாவும் வளைவுகளுமாக நம் ஊர் கலெக்டர் பங்களாவைப் பார்ப்பது போலவே இருக்கும். குடியேற்றப் பகுதி 1929இல் சீனாவிடம் திரும்பியது.

அருங்காட்சியகத்துக்குள் 1982இல் டிங்மாவ் பாலத்தருகே கிடைத்த தாங் காலத்து வெள்ளிப் பாத்திரங்களைப் பாருங்கள். 900க்கும் மேற்பட்டவை ஒரே புதையலாகக் கிடைத்தன. குடிவிருந்து விளையாட்டுக்கான சீட்டுக் குச்சிகள் போட்டுவைக்கும், ஆமை முதுகில் ஏறி நிற்கும் ஒரு வெள்ளிக் குப்பி உண்டு. குச்சிகளில் கன்பூசியஸின் வாக்கியங்கள், கூடவே யார் எவ்வளவு குடிக்க வேண்டும் என்ற உத்தரவு!

எல்லாமே புதிதாகக் கட்டிய சினிமா செட் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. தூபி, கல் தெரு, தூதரகம், மேல் தெருவின் பல வீடுகள் பழையவை, பழுது பார்த்தவை. 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இந்தப் பணிக்கு அங்கீகாரமும் கிடைத்தது. குன்றின் உச்சியில் தெரியும் உயரமான யுன்தாய் மாடம் இந்த நூற்றாண்டில் எழுப்பியது. கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கடைகள், மதுக்கூடங்கள், நினைவுப்பொருள் கடைகள் உள்ள பகுதியும் பெரும்பாலும் புதுசு. ஒரே மாதிரி விசிறி, ஒரே மாதிரி பொரித்த தோஃபு. அங்கே நேரத்தை வீணாக்காமல் மேல் தெருவிலேயே இருங்கள். மாடத்திலிருந்து ஆறு எங்கே போனது என்று பார்க்கலாம், அதற்காக ஏறலாம்.

நுழைவுக் கட்டணம் உண்டா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தெருவுக்குக் கட்டணம் கிடையாது, கதவும் கிடையாது, இரவிலும் நடக்கலாம். உள்ளே சில கண்காட்சிகளுக்கு மட்டும் சீட்டு. ஜென்ஜியாங் அருங்காட்சியகம் இலவசம், திங்கட்கிழமை மூடியிருக்கும், பாஸ்போர்ட் வேண்டும். நிதானமாக அரை நாள் போதும். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் தெரு உங்களுடையது. இரவு விளக்கலங்காரம் அழகுதான், ஆனால் கூட்டத்தில் வண்டித்தடம் கண்ணில் படாது.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் அல்லது ஹாங்காங் வழியாக ஷாங்காய். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். நான்ஜிங்கிலிருந்து இருபது நிமிடச் சொச்சம்தான், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

ஒரு விஷயத்தில் கவனம். ஜென்ஜியாங் என்றே ஒரு நிலையம், ஜென்ஜியாங் தெற்கு என்று இன்னொன்று. முதலாவது நகருக்குள் இருக்கிறது, அங்கிருந்து ஷீஜின்டு டாக்சியில் சில நிமிடம். தெற்கு நிலையம் ஊருக்கு வெளியே. பயணச்சீட்டு பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்தது, அதனால் தாளில் அச்சிட்ட சீட்டு தேவையில்லை. ஆனால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைத் தானியங்கி வாயில்கள் பல சமயம் ஏற்காது. ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போங்கள்.

விசா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா கட்டாயம். பல நாட்டவருக்குச் சீனா தரும் 240 மணி நேர இடைத்தங்கல் சலுகைப் பட்டியலில் இந்த இரண்டு நாடுகளும் இல்லை. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் என்றால் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், சீட்டு எடுக்கும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். விடுதியில் தங்கினால் காவல்துறைப் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள்தான் பதிய வேண்டும்.

பணம், இணையம், மொழி?

அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை ஊரிலிருந்தே இணைத்துவிடுங்கள். நூடுல்ஸ் கடை முதல் கழிப்பறை வாசல் டிஷ்யூ வரை கியூஆர் கோடுதான். கொஞ்சம் யுவான் நோட்டும் இருக்கட்டும். கூகுள், வாட்ஸ்அப் அங்கே திறக்காது. நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் வழக்கமாக வேலை செய்யும், விடுதி வைஃபையில் செய்யாது. வழிகாட்ட அமாப் செயலி. ஜென்ஜியாங்கில் ஆங்கிலம் அரிது. கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும் அளவுக்கு மனிதர்கள் நல்லவர்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, அக்டோபர் பின்பாதி, நவம்பர். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை பிளம் மழைக்காலம், நசநசவென்று விடாத தூறல். அதன் பிறகு ஆகஸ்ட் முடியும்வரை சென்னை மே மாதத்துக்குக் குறையாத புழுக்கம். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, அப்போது வேண்டவே வேண்டாம்.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தக் கற்படிகள் சிரமம். மேடுபள்ளமான கல்லில் சக்கர நாற்காலியோ குழந்தைத் தள்ளுவண்டியோ உருளாது. மழை பெய்தால் பாசி படிந்து வழுக்கும், ரப்பர் அடி உள்ள செருப்பு அவசியம். மேற்குப் பக்கத்திலிருந்து வந்தால் ஏற்றம் குறைவு. பெரியவர்களைத் தாய்டு மண்டபம்வரை கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் தூபிவரை போய் வரலாம்.

சைவம் கிடைக்குமா?

கஷ்டம், ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இந்த ஊரின் பெயர்போன சாப்பாடு பன்றிக்கால் இறைச்சியை உறைய வைத்து இஞ்சியும் வினிகருமாகத் தொட்டுச் சாப்பிடும் சியாவ்ரோ. அடுத்தது 'பானை மூடி நூடுல்ஸ்'. பெரிய கொப்பரையில் நூடுல்ஸ் வேகும்போது அதன் மேலேயே ஒரு சின்ன மரமூடி மிதக்கும், நுரை பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ளும். மாவைப் பிசைவது வேடிக்கை. ஒரு முனையைச் சுவரில் பொருத்திய தடித்த மூங்கிலின் மறுமுனையில் சமையல்காரர் ஏறி உட்கார்ந்து, துள்ளித் துள்ளி மாவை அழுத்துவார். அந்தத் துள்ளலில்தான் நூடுல்ஸுக்கு இழுவை வருகிறது.

அதன் குழம்பில் பன்றிக்கொழுப்பு சேர்வது சகஜம். 'வோ ச்சீ சூ' என்றால் நான் சைவம் என்று பொருள். இறைச்சி, கொழுப்பு, மீன், எலும்புச் சாறு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய குறிப்பைக் கைப்பேசியில் வைத்திருந்து காட்டுவது அதைவிட உத்தமம். குழம்பில்லாமல் சோயா, வினிகர், எள்ளெண்ணெய் மட்டும் போட்டுப் பிரட்டித் தரச் சொல்லலாம். ஹலால் வேண்டுவோர் 'சிங்ஜென்' என்று கேளுங்கள். ஜென்ஜியாங்கில் பழைய ஹுய் முஸ்லிம் சமூகமும் பள்ளிவாசலும் உண்டு.

கூடவே வேறென்ன பார்க்கலாம்?

மூன்று குன்றுகள், மூன்றுக்கும் கட்டணம் உண்டு. ஜின்ஷானில் பெரிய புத்த மடம். வெள்ளைப் பாம்புப் பெண் தன் கணவனை மீட்க வெள்ளத்தை ஏவிய கதை நடந்த இடம் இதுதான். பெய்குவில் மூன்று அரசுகள் காலத்துக் கதைகள், நல்ல காற்று. ஒன்றுதான் முடியும் என்றால் ஜியாவ்ஷான். அது இன்னும் தீவாகவே இருக்கிறது, படகில்தான் போக வேண்டும். ஷீஜின்டுவில் காணாத தண்ணீரை அங்கே பார்த்துக்கொள்ளலாம். இறந்துபோன ஒரு கொக்குக்காக எழுதிப் பாறையில் வெட்டிய பழைய இரங்கல் கல்வெட்டின் துண்டுகளும் அங்கே உள்ளன. சீன எழுத்துக்கலை கற்பவர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

எதிர்க்கரைக்கு இன்றும் படகில் போக முடியுமா?

ஷீஜின்டுவிலிருந்து முடியாது. நகரின் மேற்கே உள்ள துறையிலிருந்து வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகு குவாஜோ பக்கம் போகும். கிளம்பும் முன் விடுதியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். 2005இல் திறந்த ருன்யாங் பாலம் வந்தபின் அவசரக்காரர்கள் அதில் போய்விடுகிறார்கள். அதன் தொங்குபாலப் பகுதியின் நடு இடைவெளி மட்டும் 1490 மீட்டர். நேரம் இருந்தால் படகையே எடுங்கள். லாரிகளுக்கு நடுவே நின்று, நிலக்கரிச் சரக்குப் படகுகள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு கடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் யாங்சி எவ்வளவு பெரிய ஆறு என்று உறைக்கிறது.

ஜென்ஜியாங் வினிகர் வாங்கி வரலாமா?

தாராளமாக. பசையரிசியிலிருந்து செய்யும் கறுப்பு வினிகர், லேசான இனிப்பும் புகை வாசமும் இருக்கும். ஊரின் பழைய நிறுவனமான ஹெங்ஷுன் 1840இல் தொடங்கியது, நகரில் வினிகர் அருங்காட்சியகமே இருக்கிறது. நாள்பட வைத்த ரகத்துக்கு விலை கூடுதல். ஷீஜின்டு கடைகளில் அழகான ஜாடியில் விற்பதை விட்டுவிட்டு, ஊருக்குள் ஏதாவது சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள், அதே சரக்கு பாதி விலைக்குக் கிடைக்கும். கண்ணாடிப் பாட்டிலைத் தவிர்த்து பிளாஸ்டிக் பாட்டிலாக எடுத்து, இரண்டு உறைக்குள் கட்டி, விமானத்தில் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.